கடைசி மருந்து

அம்மா படுக்கையில் விழுந்ததும் என் கைத்தொலைபேசிக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. திறந்தால் சாவைப் பற்றிய குட்டி வீடியோக்கள்தான். ஒருவர் டிரிப் ஏற்றச் சொல்வார், அடுத்தவர் ஏற்றினால் பாவம் என்பார். யார் டாக்டர், யார் வெறும் வெள்ளைக் கோட்டு என்று ஆராய எனக்குத் தெம்பில்லை.

புற்றுநோய் அம்மாவின் முதுகெலும்புவரை வந்திருந்தது. வீட்டுக்கு வரும் தாதி மார்ஃபின் திரவம் ஒரு போத்தல் தந்து, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கச் சொல்லியிருந்தார்.

அன்று தேக்கா சந்தையில் மீன் வாங்க நின்றபோது, துவாஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் தம்பி ஒரு வீடியோ அனுப்பினான். பின்னணியில் வீணை. "மார்ஃபின்னா அது கடைசி மருந்து. கொடுத்தா ரெண்டே நாள்." ஒரு நிமிடம்கூட இல்லை. கீழே ஆளாளுக்குக் கும்பிடு போட்டிருந்தார்கள். பார்த்து முடிப்பதற்குள் தம்பியே கூப்பிட்டான்.

"அக்கா, அத நிப்பாட்டிடு லா. நாமளே கொன்ன மாதிரி ஆயிடும்."

படித்தவள்தான் நான். தாதிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அன்றிலிருந்து பாதி அளவு, சில வேளை அதுவும் இல்லை. அம்மா வாய்விட்டுக் கேட்கிற ஆளும் இல்லை. வலி கூடினால் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, "நீ சாப்டியா?" என்பார். வலிக்கிறது என்பதை அவர் அப்படித்தான் சொல்வார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் நான்கு நாள், "சாப்பிட்டேன்மா" என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் தாதி வந்து போத்தலைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னக்கா, இவ்வளவு மிச்சம் இருக்கு?"

வீடியோவைக் காட்டினேன். முழுதும் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

"போற வீட்டுல எல்லாம் இப்படி ஒண்ணக் காட்டுறாங்க. சொன்ன அளவுல கொடுத்தா இது உயிர எடுக்காதுக்கா. வலியத்தான் எடுக்கும்."

டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டு அவரே மருந்தைக் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் அம்மாவின் விரல்கள் கட்டில் சட்டத்தை விட்டன. நன்றாகத் தூங்கினார். சாயங்காலம் விழித்து, பல நாள் கழித்துக் கால்களை நீட்டிப் படுத்தார்.

"இந்த மருந்து நல்லா கேக்குது. இன்னிக்குத்தான் வாங்கிட்டு வந்தியா?"

"ஆமாம்மா" என்றேன்.