நெருப்பு வளையத்துக்குள் நின்ற யூட் அண்ணை

புதன்கிழமை காலை, அலுவலகத்துக்குப் புறப்படும் நேரத்தில் ரீற்றாக்காவின் அழைப்பு வந்தது. "தங்கச்சி, இவர் மோசம் போயிட்டார்" என்றார். வான் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த கணவர் நெஞ்சைப் பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டாராம். ஆஸ்பத்திரி வாசலிலேயே எல்லாம் முடிந்துவிட்டதாம். பிறகு கேட்டார்: "உம்மட்டை அவரின்ரை படம் ஒண்டு இருக்குமெல்லே? மரண அறிவித்தலுக்குக் கேக்கினம்."

அவர் கணவர் யூட் அண்ணை எங்கள் அலுவலக வான் சாரதி. குருநகர்க்காரர். கள வேலைக்காக அவருடைய வானில் கொடிகாமம் வரை எத்தனையோ தடவை போய் வந்திருக்கிறேன். யுத்த காலத்தில் ஷெல் துண்டு கிழித்த வலது கன்னம் பிறர் கண்ணில் படாதபடி எப்போதும் சற்றுத் திரும்பியே நிற்பார். எவர் படமெடுக்கக் கூப்பிட்டாலும் விலகிவிடுவார். கலியாண அல்பமும் இடம்பெயர்வில் தொலைந்துபோனது.

அப்படிப்பட்டவர், மூன்று வருடங்களுக்கு முன் ஒருநாள் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். இருட்டில் ஒரு கறுத்த உருவம், அதைச் சுற்றி நெருப்புப் பொறிகளாலான பெரிய வளையம். இரும்பு நாரைக் கம்பிக் கூட்டுக்குள் அடைத்துப் பற்றவைத்து, சங்கிலியில் கட்டிச் சுழற்ற வேண்டும்; அது எரிந்து முடியும்வரை கமராவின் கண் திறந்தே இருக்க வேண்டும். "உங்களிட்டைக் கமரா இருக்கு மிஸ், என்னட்டைக் கை இருக்கு" என்றார்.

மருதனார்மடம் சந்தையில் சட்டி தேய்க்கும் கம்பிச் சுருள்கள் வாங்கிக்கொண்டு, பொழுதுபட்டதும் அரியாலைக் கடலேரிக் கரைக்குப் போனோம். ஒரு பெட்டி நெருப்புக்குச்சி முடிந்தும் ஒன்றுமே பற்றவில்லை. ஈரச் சாக்கோடு காவலுக்கு வந்திருந்த ரீற்றாக்கா, "உதாலை ரெண்டு சட்டியெண்டாலும் தேய்ச்சிருக்கலாம்" என்றார். தச்சர்கள் மரம் மினுக்கும் மெல்லிய நார்தான் எரியும் என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த முறை போனபோது ரீற்றாக்கா கேக் அடிக்கும் கம்பியே அதற்குக் கூடாயிற்று. நத்தார்ப் பண்டிகைக்குத் தன் கேக்கை எதாலை அடிக்கிறது என்று அவர் ஏசிக்கொண்டிருக்க, அண்ணை சுழற்றத் தொடங்கினார். பொறிகள் ஈரச் சேற்றில் விழுந்து சீறி அணைந்தன.

சுழற்றும் கையைத் தவிர உடம்பு அசையக்கூடாது. அசைந்தால் படத்தில் ஆள் கரைந்துபோவார். நார் எரிந்து முடிந்த பிறகும் தூக்கிய கையோடு இருட்டில் அப்படியே நின்று, "மூடியாச்சே மிஸ்?" என்று கேட்பார். நான் "ஓம்" என்ற பிறகுதான் கை தாழும்.

நாங்கள் கடைசியாகப் போன மாலையில், கரை வீதியால் வந்த லொறியொன்றின் வெளிச்சம் அவர்மேல் விழுந்தது. கமராவில் பார்த்தேன். தழும்பு, சிரிப்பு, எல்லாம் தெளிவாக இருந்தன. "வடிவாத்தானே இருக்கு, விடுங்கோவன்" என்றார் ரீற்றாக்கா. அண்ணை தலையைத் திருப்பிக்கொண்டார். "பழுதாப்போன படம் மிஸ். அழிச்சுவிடுங்கோ."

அழித்தேன். அது அவருக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்தேன்.

அந்தப் புதன்கிழமை முழுவதும் தேடினேன். எல்லாப் படத்திலும் வளையம் இருந்தது, உருவம் இருந்தது, முகம் மட்டும் இல்லை. கணினியில் எவ்வளவு வெளிச்சம் கூட்டினாலும் கறுப்பு சாம்பலாகியதே தவிர அதற்குள்ளிருந்து யாரும் வரவில்லை. கமரா அட்டையைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாண நகரத்துக் கடையொன்றுக்கு ஓடினேன். அழித்த படத்தின் மேல் வேறு படங்கள் ஏறிவிட்டதாகவும் இனி மீட்க முடியாதென்றும் கடைக்காரர் சொன்னார். இன்னொருக்கால் பாருங்கள் என்று கெஞ்சினேன். அவர் பார்த்தார். பிறகு அட்டையை மேசையில் என் பக்கமாகத் தள்ளிவைத்தார்.

அறிவித்தலில் பழைய அடையாள அட்டைப் படத்தைத்தான் போட்டார்கள். தழும்பில்லாத ஓர் இளைஞன். சவப்பெட்டியருகே இருந்த ரீற்றாக்கா அதைக் காட்டி, "இவரை எனக்குத் தெரியாது, தங்கச்சி" என்றார். நான் அழித்ததைச் சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியும். நானும் பக்கத்திலைதானே நிண்டனான்."

மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. கேட்க எனக்கும் துணிவிருக்கவில்லை.

சேமக்காலையில் குழியருகே பெட்டியை மூடுமுன் அந்தக் கன்னத்தை நெடுநேரம் பார்த்தேன். அடக்கம் முடிந்து பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் அந்தத் தழும்பு வளைந்தது காதை நோக்கியா, வாயை நோக்கியா என்று தடுமாறுகிறேன். ரீற்றாக்காவிடம் கேட்கலாம். அவருக்கும் தடுமாற்றம் வந்துவிட்டதோ என்ற பயத்தில் கேட்காமல் இருக்கிறேன்.

யூட் அண்ணை, என் ஒரு சொல்லுக்காக நீங்கள் இன்னும் இருட்டில் அசையாமல் நிற்பதாகவே படுகிறது. மூடியாச்சு அண்ணை. கையைத் தாழ்த்துங்கோ.