மழை என்று எழுதியிருந்த கோப்பு

அன்றைய பேச்சை அவள் முதல் வார்த்தையிலிருந்து வரிசையாக நினைவு வைத்திருக்கிறாள்.

"ரசமட்டம் வந்தாச்சு! மேசையெல்லாம் நேரா இருக்கான்னு பாத்துக்குங்கப்பா" என்று நகராட்சி அலுவலகக் கடைநிலை ஊழியர்தான் தொடங்கினார்.

"மேசை நேராத்தான் இருக்கு. நீ உக்காந்திருக்கதுதான் கோணல்" என்றபடி பெரியப்பா கோப்பறைக்குள் நுழைந்தார்.

ஊரில் அரசுப் பணத்தில் நடந்த வேலைகளின் வரலாற்றைத் தொகுக்க நகராட்சியில் அவளிடம் சொல்லியிருந்தார்கள். பழைய கோப்புகளெல்லாம் தமிழில் இல்லை, அந்தக் கால அலுவலக மொழியில் இருந்தன. அந்த மொழியும் தமிழும் படித்தவள் அங்கே அவள் ஒருத்திதான். விவரங்களைச் சரிபார்க்க, முப்பத்திரண்டு வருஷம் அந்த வேலைகளில் மேஸ்திரியாக இருந்த பெரியப்பாவைக் கூப்பிட்டிருந்தாள். தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம், சந்தை வடிகால் என்று ஒவ்வொன்றாக முடித்து, வாய்க்கால் பாலத்துக்கு வந்தார்கள்.

"அப்படியே படி அம்மாடி. எனக்காக எதையும் விட்டுடாத."

அவள் தமிழாக்கிப் படித்தாள். "முந்தின இரவு பெய்த மழையில், பாலத்தின் தளத்தைத் தாங்கிய முட்டுகள் இளகி, தளம் சரிந்தது. வேலைக்கு வந்த பெண் ஒருத்தி இறந்தாள். இதில் யார் மீதும் தவறில்லை."

"யார் மேலயுமா?"

"ஆமா பெரியப்பா. கீழ உங்க கையெழுத்து இருக்கு. உங்க மேல ஒரு குத்தமும் இல்ல."

அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தாள்.

"இன்னொரு தடவை படி."

படித்தாள்.

"அன்னைக்கு ஒரு துளி பெய்யல" என்றார். வாங்கி வைத்திருந்த தேநீரைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

மேஸ்திரிகள் மட்டம் பார்க்கும் கருவியான ரசமட்டம் அவருக்குப் பட்டப்பெயராகச் சும்மா வரவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் சாய்ந்த அலமாரிக்கு அட்டை மடித்து அண்டை கொடுக்காமல் அவருக்குக் கை நிற்காது. மழை பிடித்தால் ஊரே வீட்டுக்குள் ஒதுங்கும். அவர் மட்டும் குடையோடு கிளம்பி, தான் போட்ட தெருக்களில் எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று பார்ப்பார். அவருக்கு வருஷக் கணக்கெல்லாம் வேலைக் கணக்குதான். "கல்யாணம் எப்போன்னு கேட்டா, பெரிய தொட்டிக்கு அஸ்திவாரம் போட்ட மறு மாசம்ங்கிறார். நான் என்ன செங்கல்லா?" என்று பெரியம்மா எத்தனையோ தடவை நொடித்திருக்கிறார். ஆனால் அந்தப் பாலத்தை மட்டும் அவர் எந்தக் கணக்குக்கும் எடுத்ததில்லை.

மறுநாள் சாயங்காலம் அவள் அவர் வீட்டுக்குப் போனாள். "நேத்திலிருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. நீயாவது கேளு" என்றார் பெரியம்மா. சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தவர், கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார்.

பாலத்தின் திறப்பு விழாவைக் குறித்த நாளுக்கு முன்பே வைத்துவிட்டார்கள். தளம் போட்டுப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. முட்டுகளைப் பிரித்துவிடும்படி பொறியாளர் சொன்னார்.

"இன்னும் பத்து நாளாவது ஆகணும் சார்னு ஒரு தடவை சொன்னேன். ரெண்டாவது தடவை சொல்லல. ஆளுங்ககிட்ட பிரிங்கன்னு சொன்னது என் வாய். பலகை எடுக்க அவதான் முதல்ல கீழ போனா. தளம் அவ மேலயே இறங்கிடுச்சு."

விசாரணையில் இதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். அதிகாரி தன் மொழியில் எழுதிக்கொண்டே போனார். அந்த மொழி படிக்கத் தெரியாத இவர், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதமே வெளியூருக்கு மாற்றினார்கள். அதைத் தண்டனை என்று எடுத்துக்கொண்டு நாலு வருஷம் அங்கே கிடந்தார். திரும்பி வந்தபோது அந்தப் பேச்சை அவர் முன்னால் யாரும் எடுக்கவில்லை.

"நீங்க உண்மையத்தான் சொன்னீங்க. அவங்க மாத்தி எழுதினா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"அது இல்ல அம்மாடி. செத்தவளோட மக இருக்காளே, தையல் கடைக்காரி."

அவளுக்கும் தெரியும். பேருந்து நிறுத்தத்தின் எதிரே கடை. அம்மா போனபோது அந்தப் பெண்ணுக்கு ஆறு வயது. இப்போதும் பெரியப்பாவைக் கண்டால் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து, முக்காலியைத் துடைத்துப் போடுவாள்.

"விசாரணைக் காகிதத்தோட நகலை அவங்க வீட்டுக்குக் கொடுத்ததாச் சொன்னாங்க. நான் சொன்னதெல்லாம் அதுல இருக்கும், அவளும் வளந்து யாரையாவது விட்டுப் படிச்சிருப்பான்னு நெனச்சேன். அப்படியும் உக்காருங்க மாமாங்கிறாளே, மன்னிச்சிட்டான்னு நெனச்சேன். அந்த ஒரு சொல்லை வச்சுத்தான் இந்தத் தெருவுல நான் நடமாடினேன். இப்பத்தானே தெரியுது, அவளுக்கு ஒண்ணுமே தெரியாது."

பெரியம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினார். "ஆறின புண்ணை எதுக்குக் கிளறணும்? அந்தப் பொண்ணு நிம்மதியா இருக்கா. உங்களுக்கும் வயசாச்சு."

"அவ மாமான்னு கூப்பிடுறத இனி எந்தக் காதால கேப்பேன், சொல்லு."

பெரியம்மா சோறு போட்டார். தட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தார். பெரியப்பா அதைத் தொடவில்லை. அவளைப் பார்த்துத்தான் பேசினார்.

"நாளைக்குக் காலைல அந்தக் கோப்பை எடுத்துக்கிட்டு அவ கடைக்கு வா அம்மாடி. அதுல இருக்கத முதல்ல நீ படி. அப்புறம் நான் சொல்றேன். நடுவுல எனக்குப் பேச்சு நின்னுபோனா, எனக்காக நீ பேசிடாத. நான் முடிக்கிற வரைக்கும் பக்கத்துல நில்லு, போதும்."