தங்கைக்காக வந்த டீச்சர்

என் அம்மா பிள்ளைகளின் உடம்பை விரலால் அளப்பாள். கட்டைவிரலையும் நடுவிரலையும் வளைத்து எங்கள் மேற்கையைப் பிடிப்பாள். விரல் நுனிகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் அன்றைக்குத் தட்டில் இன்னொரு கரண்டி சோறு விழும். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கை மட்டுமே தின்று, எனக்கு மூத்த அண்ணன் ஐந்து வயதில் செத்துப்போனான். அவன் கை மெலிந்துகொண்டே போனதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த விரல்கள் அவை. அதனால் அம்மாவின் அளவெடுப்பைக் கேலி செய்ய எனக்கு மனம் வந்ததில்லை. எரிச்சல் மட்டும் நிறைய வந்திருக்கிறது.

காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம் எனக்குப் பதினேழு வயது, தங்கைக்குப் பதினான்கு. அவள் ஆங்கிலப் பள்ளியில் ஓட்டக்காரி. இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு டீச்சர் அவளுக்குச் சட்டம் போட்டிருந்தார்: இரவு எட்டரைக்குப் படுக்க வேண்டும், விடியும்போது எழுந்து ஓட வேண்டும், பகலில் தூங்கவே கூடாது. அவளுக்கு அது வேதவாக்கு. பக்கத்துச் சூராவில் விடியற்காலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போதே எழுந்துவிடுவாள். பாய் விரிப்பு நகர்வதில் என் தூக்கம் கெடும், நான் திட்டுவேன், அவள் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். கெண்டைக்கால் தேங்காய் மட்டை போல் இறுகியிருந்தது. மேற்கையிலும் அப்படித்தான், கொழுப்பே இல்லாத கெட்டிச் சதை. ஆனால் அம்மாவின் விரலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. "எலும்பும் தோலுமா கெடக்கு இந்தப் பொண்ணு" என்று புலம்புவாள்.

அந்த வருடம் பண்டார் ஹிலிர் திடலில் பள்ளிகளுக்கிடையே ஓட்டப்பந்தயம் வைப்பதாக இருந்தது. தங்கையைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அதற்கு நான்கு மாதம் இருக்கும்போது அவள் வயசுக்கு வந்தாள்.

பதினாறு நாள் தனி அறை. காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், அப்புறம் உளுந்தங்களி, மத்தியானம் நெய் மிதக்கும் சோறு. சடங்கு முடிந்தும் அம்மா அவளை விடவில்லை. பள்ளிக்கு அனுப்பலாம் என்று அப்பா சொன்னார். "உடம்பு தேறட்டும், பெறகு பாக்கலாம். ஓட்டம் மட்டும் இனி கெடையாது. ஓடுனா கர்ப்பப்பை எறங்கிடும்லா" என்று அம்மா முடித்துவிட்டாள். செய்ய ஒன்றுமில்லாமல் தங்கை பகலில் தூங்கத் தொடங்கினாள். பகலில் தூங்கியதால் இரவில் தூக்கம் வராமல் புரண்டாள். காலையில் எட்டு மணிக்கு அவளை உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது. இரண்டே மாதத்தில் பாவாடை இடுப்பில் பிடித்தது. தையலைப் பிரித்துப் பெரிதாக்கிக் கொடுத்தது நான்தான். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து, "இப்பத்தான் பூசுனாப்புல லட்சணமா இருக்கா" என்றார்கள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. தங்கை மட்டும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு குனிந்து நிமிர்ந்து ஏதாவது பயிற்சி செய்துகொண்டிருப்பாள். டீச்சர் வந்து அம்மாவிடம் பேசுவார், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினாள்.

டீச்சர் வரத்தான் செய்தார். அப்போது தங்கை பின்னால் கிணற்றடியில் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரம்மா எங்கள் வீட்டுப் படியேறி வந்ததில் அம்மா ஆடிப்போய், முந்தானையால் நாற்காலியைத் துடைத்தாள். டீச்சருக்கு மலாய் பிடிபடவில்லை, அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் நான். நானும் அதே பள்ளியில் படித்தவள்தான். நான்கு வருடம் முன்பு இதே களி, இதே அறை, அதோடு என் படிப்பு நின்றது. கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்துகொண்டிருந்தேன். ஒருவரும் என்னைத் தேடி வரவில்லை.

டீச்சர் சொன்னது எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. ஓடுவதால் பெண்ணுக்கு ஒரு கெடுதலும் வராது, தினமும் ஒரு மணி நேரம் அனுப்புங்கள், நானே கொண்டுவந்து விடுகிறேன், நேரத்துக்குத் தூங்கட்டும், இன்னும் காலம் இருக்கிறது, அவளைப் போல் ஒரு பெண் எனக்குக் கிடைக்கமாட்டாள் என்றார். அம்மா வாயைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நிமிடம் அவர் எதைக் கேட்டிருந்தாலும் அம்மா தலையாட்டியிருப்பாள்.

"என்னா சொல்றாங்க?" என்று அம்மா கேட்டாள்.

"ஒடம்பப் பாத்துக்கணுமாம். நல்லா சாப்பிட்டு ரெஸ்ட் எடுக்கட்டுமாம். வேற புள்ளைய ஓட விட்டுக்கிறாங்களாம்" என்றேன்.

டீச்சரிடம், அம்மா சம்மதிக்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அம்மாவின் சிரித்த முகத்தையும் என்னையும் அவர் மாறிமாறிப் பார்த்தார். காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார். பொறாமைதான். அதற்கு வேறு பெயர் தேடி இத்தனை வருடத்தில் கிடைக்கவில்லை.

ஈரத்தலையோடு வந்த தங்கையிடம் அம்மா பூரிப்பாக எல்லாவற்றையும் சொன்னாள். தங்கை என்னைப் பார்த்தாள். டீச்சர் அப்படிச் சொல்லக்கூடியவர் இல்லை என்று அவளுக்குத் தெரியும். சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். அவள் போடவில்லை. அன்று சாப்பிடும்போது, "அம்மா, இன்னும் கொஞ்சம் சோறு" என்று தானாகக் கேட்டாள். அதற்குப் பிறகு அறைக் கதவு சாத்தப்படவில்லை.

பந்தயத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. கோயிலுக்கு என்று அம்மாவிடம் சொல்லி, விடியற்காலையில் அவளைப் பக்கத்துத் திடலுக்குக் கூட்டிப்போனேன். "ஓடிப் பாரு. முடிஞ்சா இன்னிக்கே டீச்சர்கிட்ட நானே போறேன்" என்றேன். அவள் செருப்பைக் கழற்றினாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். பாதித் திடலைத் தாண்டவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு இரைக்க, தன் தொடையை இரண்டு கையாலும் பிசைந்து பிசைந்து பார்த்தாள்.

"இது என் காலு இல்லக்கா" என்றாள்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் வேண்டாம் என்றாள். அம்மா இப்போதுதான் நிம்மதியாக இருக்கிறாள், அதைக் கெடுக்காதே என்றாள். அவ்வளவு நல்லவளாக அவள் இருந்தது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. எனக்காகவும் ஏதாவது சொல்லிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"என்னைப் பள்ளியில நிறுத்துனப்ப யாரும் எனக்காக வீடு தேடி வரலையே" என்றேன்.

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு எழுந்தாள். பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"எனக்கு வந்தாங்கக்கா. நீதான் திருப்பி அனுப்பிட்ட" என்றாள்.