பதினொரு பேரும் அப்பாவு ஆள்

பெரம்பலூர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட நவமணிக்குத் தெரியாது. ஆனால் அவளுடைய சிவப்பு அடையாளக் கார்டுப் பதிவில், அவள் பிறந்தது அங்கேதான் என்று எழுதியிருந்தது.

அது வளர்த்தவள் வீரம்மா செய்த வேலை. குற்றம் என்றும் சொல்ல முடியாது. பன்னிரண்டு வயதில் கார்டு எடுக்கக் கூட்டிப்போனபோது, மேசைக்குப் பின்னால் இருந்தவர் எந்த ஊர் என்று கேட்டார். நம் ஆட்களிடம் அப்படிக் கேட்டால் வேறென்ன பதில் வரும்? முப்பது வருஷம் பேராக்கில் பால்மரம் வெட்டினாலும், கப்பல் ஏறுவதற்கு முன் இருந்த ஊரைத்தான் சொல்வார்கள். வீரம்மாவும் தன் ஊரைச் சொன்னாள், அவரும் எழுதிக்கொண்டார். இத்தனைக்கும் அவள் பெற்ற தாய்கூட இல்லை, தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் பக்கத்து அறையில் இருந்த காம்ராக்காரி. நவமணியைப் பெற்றவர்களுக்கும் பெரம்பலூருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

எழுபத்து நாலாம் வருஷம் அந்த ஒரு வரி வந்து கழுத்தைப் பிடித்தது. ஈப்போவில் அரசாங்கப் பள்ளிக்கூடம் ஒன்றைக் கூட்டிப் பெருக்கும் வேலை அவளுக்கு. குடியுரிமை உள்ளவர்களுக்கான நீலக் கார்டு இருந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வருஷக் கடைசியோடு சரி என்று சொல்லிவிட்டார்கள். நீலக் கார்டு வேண்டுமானால் இந்த நாட்டில் பிறந்ததற்கு அத்தாட்சி வேண்டும். பிறந்ததோ ஜப்பான்காரன் காலம், பிறப்புப் பத்திரம் இல்லை. வேலை போவதைவிட அவளுக்கு எரிச்சல் மூட்டியது இன்னொன்று. அவள் கப்பலில் வந்தவளாம். வந்தால்தானே வந்தவள்?

வீரம்மா சாகும்முன் சொல்லிவைத்தது ஒன்றுதான் கையில் இருந்தது. அப்பன் சவரிமுத்துவை ஜப்பான்காரன் சயாம் ரயில் போடப் பிடித்துப்போனான். திரும்பி வரவில்லை. அம்மா சந்தனமேரி பிள்ளை பெற்ற நாலாம் நாள் கண்ணை மூடினாள். பத்து காஜா டவுனில் மாதா கோயில் கல்லறையில் அடக்கம். அப்படியானால் கோயில் புத்தகத்தில் இருக்க வேண்டும் என்று நவமணி கணக்குப் போட்டாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் போட்ட கணக்கு அது.

சனிக்கிழமைதோறும் பஸ் பிடித்துப் பத்து காஜா போனாள். அடக்கப் புத்தகம் லத்தீனில் இருந்தது. கோயில் உபதேசியார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்துச் சொன்னார். சவரிமுத்துவின் மனைவி என்று ஒருத்திகூட இல்லை. சந்தனமேரி இருந்தாள், அதுவும் இரண்டு பேர். ஒருத்திக்கு எழுபது வயது. மற்றவள் யாரோ அப்பாவு என்பவனின் மனைவி. இரண்டும் நமக்கில்லை என்று, மேற்கொண்டு படிக்காமலே தள்ளிவிட்டு அடுத்த பக்கம் போனார்கள். மூன்று சனிக்கிழமை இப்படியே போயிற்று.

நாலாவது வாரம் உபதேசியார் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். இந்த அப்பாவு பெரிய அநியாயக்காரன் என்றார். ஞானஸ்நானம் வாங்கினவனாகவும் தெரியவில்லை, ஆனால் நாற்பத்து மூன்றில், ஏழே மாதத்தில், பதினொரு பெண்டாட்டியைக் கொண்டுவந்து அடக்கம் செய்திருக்கிறான்.

பதினொன்று என்றதும்தான் அந்த அப்பாவு யார் என்று நவமணிக்கு உறைத்தது, சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. உபதேசியார் டவுன்காரர், தோட்டத்து நடப்பு அவருக்கு எப்படித் தெரியும்?

"அது புருசன் இல்ல சாமி. அப்பாவு எங்க கங்காணிலா. காலையில வேலைக்கு ஆள் எண்ற பெரட்டுல நின்னு யாரு ஆளுன்னு கேட்டா, எல்லாரும் கங்காணி பேரத்தான் சொல்லுவாங்க. அப்ப இங்க இருந்த பிரெஞ்சு சாமியாரு கேட்டிருப்பாரு, தூக்கிட்டு வந்தவங்க அப்பாவு ஆளுன்னு சொல்லியிருப்பாங்க, அவரு பெண்டாட்டின்னு எழுதிட்டாரு."

சொல்லி முடிக்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. தூக்கி வந்தவர்கள் புருஷன்மார் இல்லை. புருஷன்மார் சயாமில் இருந்தார்கள். உபதேசியார் தள்ளிவிட்ட பக்கத்தைத் திருப்பினார். சந்தனமேரி, இருபத்து நாலு வயது, பிள்ளை பெற்ற நாலாம் நாள் மரணம். ஓரத்தில் சின்ன எழுத்தில் பிரெஞ்சுச் சாமியார் இன்னொன்றும் எழுதியிருந்தார்: பெண் குழந்தை, உயிரோடு இருக்கிறது. நவமணி அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

அழுதுவிட்டுச் சும்மா இருக்கிற பிறவி இல்லை அவள். அதிகாரி நம்ப இது போதாது என்று அவளுக்கே தெரிந்தது. மறுவாரமே பழைய தோட்டத்துக்குப் போனாள். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த நேரம். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி சதாசிவம் ஆபீஸ் காகிதங்களை எரிக்கக் குவித்திருந்தார். அவள் அந்தக் குவியலில் அரை நாள் உட்கார்ந்து, நாற்பத்தேழாம் வருஷத்து ஆள் கணக்கெடுப்புப் புத்தகத்தைக் கண்டெடுத்தாள். அப்பாவு கங்காணி கும்பல், ஆறாம் லயம்: சவரிமுத்து, சயாம். மனைவி சந்தனமேரி, மரணம். மகள் நவமணி, வயது நாலு, வீரம்மா வளர்ப்பு. கங்காணி கும்பலில் யார் யாருக்குப் புருஷன் என்பதை அந்தப் புத்தகம்தான் ஒழுங்காகச் சொன்னது.

ஈப்போ ஆபீசில் மலாய்க்கார அதிகாரி கோயில் பதிவின் நகலையும் தோட்டத்துப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கடைசியில் பழைய கேள்வியையே மலாயில் கேட்டார், அவளுக்குச் சொந்த ஊர் எது என்று. நவமணி நிமிர்ந்து நின்றாள். பத்து காஜா என்றாள். தன் அம்மா அங்கேதான் மண்ணுக்குள் இருக்கிறாள், வேண்டுமானால் வந்து பார்க்கலாம் என்றும் சொன்னாள். அதிகாரி முத்திரை குத்தினார். வேலையும் நிரந்தரமானது. நீலக் கார்டு வந்த அன்று அதை மூன்று தெருவுக்குக் காட்டினாள். மூன்றாவது தெருவில் அவளுக்குத் தெரிந்தவர்களே இல்லை.

அதற்குப் பிறகு சிவப்புக் கார்டுக்காரர்கள் பலர் அவளைத் தேடி வந்தார்கள். தோட்டத்துப் புத்தகமும் கோயில் புத்தகமும் அவளுக்கு மனப்பாடம். அவர்களுக்காக எண்பதுகளிலும் அவளுடைய சனிக்கிழமை பஸ் பயணம் நிற்கவில்லை.

ஆனால் அவளுக்குப் பெருமை எதில் என்றால், எழுபத்தாறாம் வருஷம் கல்லறைத் திருநாளில்தான். இறந்தவர் பெயர்களைப் பூசையில் வாசிப்பார்கள். அந்தப் பதினொரு பேரையும் இந்த முறை அவரவர் புருஷன் பெயரோடு வாசிக்க வேண்டும் என்று பட்டியல் எழுதிக் கொடுத்தாள். உபதேசியார் எண்ணிப் பார்த்தார். ஒன்பது பேருக்குத்தான் புருஷன் பெயர் இருந்தது. மற்ற இருவர் குடும்பத்தில் நாற்பத்தேழில் கணக்கில் எழுதுவதற்கு ஒருவரும் உயிரோடு மிச்சமில்லை. அப்பாவு பெயரையே போட்டு வாசிக்கவா என்று கேட்டார்.

"வேணாம் சாமி," என்றாள் நவமணி. "எங்க ஆளுன்னு வாசிங்க."