ஓ.டி.யில் ஒரு நாடகம்

நாடகம் பார்க்க வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் கடலூர் மாவட்டத்தில் மேடையென்று பெயருக்கு நாலு பலகை கிடந்தாலும் அங்கே போய் உட்கார்ந்து பார்த்தவன் நான். கல்யாண மண்டபம், பள்ளிக்கூட ஹால், சங்கக் கட்டடத்து மாடி என எதையும் விட்டதில்லை. எந்த மண்டபத்தில் எந்த மின்விசிறி சுற்றும், எது சும்மா சத்தம் மட்டும் போடும் என்பதுகூட எனக்கு அத்துப்படி. இவ்வளவு பார்த்தவன், சொந்த மச்சான் நடித்ததை மட்டும் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. நாற்பது வயது. சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை, வேலை முடிந்த நேரத்தில் நாடகம். திட்டக்குடியில் அவன் நடித்தபோது நான் பஸ்ஸில் தூங்கிப்போய் ஊரையே தாண்டிவிட்டேன். சேத்தியாத்தோப்பில் நேரத்துக்குப் போய் முன்வரிசையில்தான் உட்கார்ந்தேன். அவன் மேடைக்கு வந்த நேரம் பார்த்து வெளியே பஜ்ஜி சாப்பிடப் போயிருந்தேன். பஜ்ஜி சூடாக இருந்தது, என்ன செய்வது? அதற்கப்புறம் ஒரு மாதம் அவன் என் போனை எடுக்கவில்லை. ஒருவழியாகச் சமாதானமாகி, சிதம்பரத்தில் புது நாடகம் போடுகிறோம் என்று சொல்ல வந்தவன், என் முகத்தைப் பார்க்காமல் இன்னொன்றும் சொன்னான்.

“நாடகம் தெரிஞ்ச ஆளு நம்ம வூட்ல நீங்க ஒருத்தர்தான் மாமா. இந்த வாட்டியும் நீங்க பாக்கலன்னா நடிக்கிறதையே விட்டுடப் போறேன். அப்புறம் யாருக்குப் போட்டுக் காட்டுறது?”

என்ன வேஷம் என்று கேட்டேன். தான் இல்லையென்றால் நாடகமே இல்லை, அவ்வளவு முக்கியமான வேஷம் என்றான். தலை போனாலும் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாடகம். மனைவி காலையிலேயே கிளம்பிச் சிதம்பரத்துத் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று மத்தியானம் மச்சானுக்குப் போன் செய்து, எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன்.

“ஓ.டி.ல இருக்கேன் மாமா. தியேட்டர் ரெடி பண்ணிக்கினு இருக்கோம். ஆறு மணிக்கு நாடகம், மறந்துடாதீங்க.” சொல்லிவிட்டு அவசரமாக வைத்துவிட்டான்.

கடலூர்க்காரனுக்கு ஓ.டி. என்றால் ஒரே அர்த்தம்தான். ஓல்டு டவுன், அதாவது முதுநகர். டவுன் பஸ் போர்டில் பார்த்துப் பார்த்துக் கண்ணில் பதிந்துபோன எழுத்து. ஆக, நாடகத்தைச் சிதம்பரத்திலிருந்து நம் ஊருக்கே மாற்றிவிட்டார்கள். நான் மறுபடியும் பஸ்ஸில் தூங்கிவிடக் கூடாதென்று மச்சான்தான் சொல்லி மாற்றியிருப்பான். அவன் பாசத்தை நினைத்தபடி இன்னொரு டீ குடித்தேன்.

நாலு மணிக்கே வெள்ளை வேட்டி சட்டையில் ஷேர் ஆட்டோ ஏறி முதுநகரில் இறங்கினேன். மைக் சத்தம் கேட்ட மண்டபத்துக்குள் நுழைந்து முன்வரிசையில் உட்கார்ந்து, ஆறு மணிக்குத்தான் நாடகம் என்றாலும் கூட்டம் அதற்குள் நிரம்பியிருந்ததால், ஏன் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று கொஞ்சம் அதட்டலாகவே கேட்டேன். எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்வியைச் சிறப்பு விருந்தினர் மட்டும்தான் கேட்பார். உடனே இரண்டு பேர் ஓடிவந்து என்னை மேடைக்கு அழைத்துப்போய்ப் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது, ஆனால் மறுக்கவில்லை. இதுவும் மச்சான் ஏற்பாடுதான் என்று நினைத்தேன். பேசச் சொன்னார்கள். என் மச்சான் மட்டும் இல்லையென்றால் இந்த மாவட்டத்தில் கலையே இல்லை என்று ஆரம்பித்துக் கால் மணி நேரம் பேசினேன். யார் அந்த மச்சான் என்று ஒருவரும் கேட்கவில்லை. சிறப்பு விருந்தினர் பேச்சை யார் காதில் வாங்குகிறார்கள்? கைதட்டல் மட்டும் பிரமாதம்.

அப்புறம் மயில் வேஷத்தில் ஏழெட்டுச் சின்னப் பெண்கள் வந்து ஆடினார்கள். நான் மயில்களுக்கு நடுவே மச்சானைத் தேடிக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கு மனைவி போன் செய்து, எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஓ.டி.யில் நாடகத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன், உன் தம்பியைத்தான் இன்னும் காணோம் என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் போனிலேயே கேட்டது.

“ஏங்க, ஆபரேஷன் தியேட்டரத்தான் அவன் ஓ.டி.ன்னு சொல்லியிருக்கான். பதினோரு வருஷமா அங்கதான வேல பாக்குறான்? நாடகம் இங்க சிதம்பரத்துல.”

அப்போதுதான் மேடையில் கட்டியிருந்த பேனரை நிதானமாகப் படித்தேன். ஒரு நடனப் பள்ளியின் ஆண்டு விழா. வாசலில் ஒரு கார் வந்து நின்றது. என்னைப் போலவே வெள்ளை வேட்டியில் ஒருவர் இறங்கி, வரவேற்க ஆளில்லையா என்ற முகத்தோடு உள்ளே வந்தார். நான் பக்கவாட்டுக் கதவு வழியாக ஓட்டம் பிடித்தேன்.

சிதம்பரம் பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன், என் லட்சணம் எனக்குத் தெரியும். ஆலப்பாக்கத்தில் ஒரு மந்தை ஆடு ரோட்டைக் கடந்தது. ஒவ்வொரு ஆட்டையும் தனித்தனியாகத் திட்டினேன். மணி ஆறைத் தாண்டியதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மச்சான் இனி மேடையேற மாட்டான், அதற்குக் காரணம் என் அரைவேக்காட்டுப் புத்தி.

சிதம்பரத்தில் மண்டபத்துக்குள் நான் நுழைந்தபோது நாடகம் பாதி முடிந்திருந்தது. தோளில் பொன்னாடையைக் கண்ட ஒருவர் கேள்வி கேட்காமல் என்னை முன்வரிசையில் மனைவிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தார். மேடையில் ஒரு சாவு வீடு. கொள்ளி வைப்பது யார் என்று அண்ணன் தம்பிகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மச்சானைக் காணவில்லை. அவன் எப்போது வருவான் என்று மனைவியின் காதில் கேட்டேன். ஆரம்பத்திலிருந்தே இருக்கிறான் என்று சொல்லி, அவள் முகவாயால் நடுமேடையைக் காட்டினாள்.

அங்கே பெஞ்சின்மேல் பிணம் கிடந்தது. மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, தாடையைச் சுற்றிக் கட்டு. உண்மைதான், அவன் இல்லையென்றால் நாடகமே இல்லை.

பிணத்தின் ஒரு கண் லேசாகத் திறந்தது. முன்வரிசையை ஒவ்வொரு ஆளாகப் பார்த்துக்கொண்டே வந்து, அக்காவைத் தாண்டி, என்மேல் நின்றது. தாடைக் கட்டையும் மீறி வாய் காதுவரை போனது. மண்டபமே கொல்லென்று சிரித்தது. அவன் மனைவியாக நடித்த பெண் சமாளித்துக்கொண்டு, பிணத்தின் மார்பில் ஓங்கி ஒன்று வைத்தாள். “செத்தும் உனுக்கு இளிப்பு அடங்கல பாரு.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. நான் மட்டும் பொன்னாடை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். எனக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்த பெரியவர் என்னைக் கவலையோடு பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“செத்தவரு உங்களுக்கு என்ன வேணும்?”

“என் மச்சான்,” என்றேன்.