பலாக் கட்டையில் காதல் உண்டா?

கரமனையில் ஒரு மரமில்லுக்கு வேலைக்கு வந்த புதிதில் லிங்கராஜுக்கு மலையாளம் வாலும் புரியாது, தலையும் புரியாது. வள்ளியூர்ப் பக்கத்துக்காரன். ஒருநாள், மழைக்கு விழுந்த பலாமரத்தை டெம்போவில் ஏற்றிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். வெட்டிய முகத்தை விரலால் தட்டினாள். பிறகு இவனை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"இதில காதல் உண்டா?"

லிங்கராஜுக்குக் காதுமடல் சூடேறிவிட்டது. "எனக்கு அப்படில்லாம் ஒண்ணும் கெடையாதுங்க" என்றான்.

ரம்பத்தை நிறுத்திவிட்டு மில்லே சிரித்தது. மரத்தின் நடுவே வைரம் பாய்ந்த பாகத்துக்கு மலையாளத்தில் காதல் என்று பெயராம். கேட்டவள் ஜெயஷீலா, சர்ச் பாட்டுக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவள். பலகையை வாங்கிப்போக வந்தபோதும் சிரித்தாள். தேவையில்லாமல் இன்னும் இரண்டு தடவை வந்தாள்.

கல்யாணம் ஆனதும், அதே பலாவின் மஞ்சள் காதலை இழைத்து லிங்கராஜ் அவளுக்கு ஒரு கிட்டார் உடம்பு செய்து கொடுத்தான். கிழக்கேகோட்டையில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் அனில் அதில் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பும் வயரும் பொருத்தினான். அன்றுமுதல் ஞாயிற்றுக்கிழமைகளில் லிங்கராஜ் நெற்றித் திருநீற்றோடு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவான். ஜெபத்தில் பாதி அவனுக்குப் பிடிபடாது. ஆனால் தரையோடு தவழ்ந்து வந்து உள்ளங்காலில் ஏறும் அந்தக் கனத்த ஒலி வரும்போது, 'நம்ம மரம்' என்று நினைத்துக்கொள்வான். அவளுடைய வாசிப்பில் அவனுக்கு இருந்த பங்கு அதுதான்.

இந்த வருஷம் அவளுக்குத் தோள் பிடித்துக்கொண்டது. கை தூக்கித் தலை வார முடியவில்லை. தோளில் கனம் மாட்டக் கூடாது, மாட்டினால் வாசிப்பையே விட வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அதுக்கு எதுக்கு வெசனம்?" என்றான் அனில். "கனம் கொறஞ்ச மரத்துல வேற பாடி செய்யலாம் அண்ணா. கழுத்து, பிக்கப்பு, வயரு எல்லாம் இதுல உள்ளத அப்படியே மாத்திரலாம். சவுண்டு மாறாது."

"மரம் மாறுனா சத்தம் மாறாதாடே?"

"காந்தத்துல செம்புக் கம்பி சுத்தினதாக்கும் பிக்கப்பு. அதுக்குக் கம்பி அதிருயதுதான் தெரியும். பலாவா, பிளைவுட்டான்னு அது எங்க கண்டுது? மரத்தால மாறுயது கொஞ்சம்போலதான்."

லிங்கராஜ் பலா உடம்பைத் தடவினான். ஜெயஷீலா அவன் முகத்தைப் பார்த்தாள். "வேண்டாம் கேட்டேளா. நான் ஸ்டூல்ல இருந்துட்டே வாசிச்சுக்கிடுவேன்."

"குழு மொத்தமும் நிக்கையில நீ மட்டும் இருக்க முடியுமாட்டி? தோள்லதான தொங்கும்?" என்று எழுந்து போனான்.

மலைவேம்புப் பலகை ஒன்றை அவனே பொறுக்கினான், அவனே இழைத்தான். அனில் சொன்னது சரியானால், இத்தனை வருஷமும் தான் கேட்டது தன் மரத்தை அல்ல, ஏதோ செம்புக் கம்பியை. தப்பானால் அவள் ஒலி போய்விடும். எது நடக்க வேண்டும் என்று சாமியிடம் கேட்பதென்றே அவனுக்குத் தெரியவில்லை. உளி மட்டும் ஒழுங்காக நடந்தது.

சனிக்கிழமை ஒத்திகை. அவன் கடைசி பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டான். அவள் வாசித்தாள். அதே கனத்த ஒலி. அதே உள்ளங்கால். அனில் தூரத்திலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். வலியில்லாமல் வாசித்த சந்தோஷத்தில் அவள் முகம் பூரித்திருந்தது. அவனும் சிரித்தான். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று, பிடி கழன்ற கதவு மாதிரி ஆடியது.

மறுநாள் ஆராதனைக்கு ஒரு பாட்டைப் பழக, சாயங்காலம் அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். வீட்டில் ஆம்ப்ளிஃபயர் கிடையாது. எப்போதும் வயர் மாட்டாமல் வெறுமனேதான் வாசிப்பாள். லிங்கராஜ் அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தான். திடீரென்று கத்தி நின்றது.

"ஏட்டி, இது அது இல்லியே!"

"எது?"

"சத்தம் வேற. தீப்பெட்டியத் தட்டுனாப்ல இருக்கு. சர்ச்சுல அதே மாதிரில்லா இருந்துச்சு?"

அவள் கம்பிகளை உள்ளங்கையால் அமர்த்தினாள். "அங்க பாடுயது அனிலுக்க பிக்கப்பு. இஞ்ச கரண்டு உண்டா, வயரு உண்டா? இஞ்ச பாடுயது மரம் மட்டும்தான். நீங்க நெதமும் கேட்டது உங்களுக்க மரத்த."

அவன் ஈரக்கையோடு வாசலில் நின்றான்.

"அப்ப ஊருக்குக் கேக்கது அவனுக்க வேலை..."

"வீட்டுக்குக் கேக்கது உங்களுக்கது. ஊருக்கு அது போதும். எனக்கு இது இல்லாம ஒறக்கம் வராது." கட்டிலுக்கு அடியில் துணி சுற்றி வைத்திருந்த பழைய பலா உடம்பைக் காலால் மெல்ல இழுத்தாள். கழுத்தும் கம்பியும் போய், பிக்கப் இருந்த இடம் குழி விழுந்து கிடந்தது. "இதுக்கு வேற ஒரு கழுத்து வைங்க. பிக்கப்பு வேண்டாம். மடியில வச்சு வாசிச்சா தோளுக்கும் ஒண்ணும் செய்யாது."

லிங்கராஜ் அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். கழுத்துக்குத் தேக்கா, மகோகனியா என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, அவள் குனிந்து பலாவை விரலால் தட்டினாள்.

"இதில காதல் உண்டா?"

அவன் நிமிரவில்லை. காதுமடல் மட்டும் சிவந்தது.

"எனக்கு அப்படில்லாம் ஒண்ணும் கெடையாதுங்க."