செல்வமலரின் இடக்கை

வெறும் பத்திரிகை வாசித்தாலும் செல்வமலர் அக்கா இடக்கையால் மேல்மூலையைப் பிடித்துத்தான் தாளைத் திருப்புவார். சத்தமே வராது. நான் திருப்பினால், "மெதுவா, தம்பி! தாளுக்கு நோகும்" என்பார். லண்டன் ஸ்ட்ரெதமில் எங்கள் அடுத்த வீட்டுக்காரி; பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறார். கச்சேரி மண்டபங்களில் பியானோ வாசிப்பவருக்குப் பக்கத்தில் இருந்து இசைக்குறிப்புத் தாள் திருப்புவதும் அவர் தொழில்தான். தலையாட்டக் கூடாது, தாளம் போடக் கூடாது. "நான் அங்கை இருக்கிறதே ஒருத்தருக்கும் தெரியக்கூடாது." அதில் அப்படியொரு பெருமை அவருக்கு!

2006 மார்கழியில் ஓர் அமெரிக்கர் பியானோவுக்கும் பெரிய வாத்தியக் குழுவுக்கும் எழுதிய புதிய கொன்செர்ட்டோ லண்டனில் அரங்கேறியது. சிறுவயதில் அவர் போன ரயில் பனியில் புதைந்து நின்றதாம். எஞ்சின் ஓய்ந்ததும் கேட்ட அமைதியைத்தான் எழுதினாராம். நடுவில் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். பியானோவின் ஒற்றைச் சுரம் மட்டும் தேய்ந்துகொண்டு போகும். அதற்குள்தான் ஒரு தாளைத் திருப்ப வேண்டும்.

அன்று காலை ஒத்திகையில் அந்த இடத்தில் அக்காவின் காப்புகள் கிணுங்கிவிட்டன. மற்ற நாட்களில் வாத்தியச் சத்தத்தில் அமுங்கிப்போகிற கிணுக்கம். குழுவை நடத்துகிறவர் கையை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தாராம்.

கலியாணமான புதிதில் குலசேகரம் அண்ணை இடக்கையில் போட்டுவிட்ட இரட்டைக் காப்பு. அக்கா ஒருநாளும் கழற்றியதில்லை; புருசன் இருக்க வெறுங்கையோடு இருப்பதா? முகம் துடைக்கிற லேஞ்சியால் சுற்றிக் கட்டிப் பார்த்தார், சரிவரவில்லை. மாலையில் கச்சேரிக்கு அண்ணையும் நானும் போனபோது அக்கா மேடைக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தார்.

"என்னால ஏலாது. வேற ஆளைப் பிடியுங்கோ எண்டு சொல்லப்போறன்."

பஸ் சாரதிச் சீருடையோடு வந்திருந்த அண்ணை கை கழுவுமிடத்துச் சவர்க்காரத்தை எடுத்தார். "நான்தானே போட்டனான், நானே கழட்டுறன். கையைத் தாரும்."

கச்சேரியில் அந்த இடம் வந்தது. ஐயோ, என்ன அமைதி! அவ்வளவு சனமும் இருமலை விழுங்கிக்கொண்டு இருந்தது. சுரம் எங்கே முடிந்தது என்றே தெரியவில்லை. அக்கா எழுந்தார், வெறுங்கை நீண்டது. தாள் புரண்டதைக் கண்டேன்; கேட்கவில்லை. சங்கீதம் என்றாலே கொட்டாவி விடுகிறவன் நான்! கண்ணில் தண்ணீர் ஏன் வந்தது என்று கேட்காதீர்கள்.

முடிந்ததும் மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. நாங்கள் பின்பக்கம் போனோம். அக்கா இன்னும் அந்த அமைதிக்குள்ளேயே நின்றார். அண்ணை சட்டைப்பையிலிருந்து காப்புகளை எடுத்து நீட்டினார். அவை ஒன்றோடொன்று முட்டப் பார்த்தன.

கிணுங்குவதற்கு முதலே அக்கா அவர் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார்.